உதடு வெடித்தவனின் தேர் வர்ணனை

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு வருத்தம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். கையில் மாரி பிஸ்கட், அப்பிள், ஒரு பேணி பால்மா. முகத்தில் அதற்கேற்ற சோகம். கேற்றைத் திறக்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

வருத்தக்காரன் நான். வருத்தம்... உதடு வெடிப்பு.

சிரிக்காதீர்கள். நான் சிரிக்க முடியாமல் இருந்த காலத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நீங்களாவது கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டாமா?

திருகோணமலையில் கச்சான் காற்று என்று ஒன்று உண்டு. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து வரும். காடு, வயல், வற்றிய குளம் எல்லாவற்றையும் தடவி, அங்கே மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு, கடைசியில் எங்கள் வீதிக்குள் நுழையும். கொடியில் போட்ட சாரம் எடுக்கப்போகும்போது அப்பளமாகியிருக்கும். வெள்ளைக்காரர் டொலர் கொடுத்து, விமானம் ஏறி, இந்தக் காலத்தில்தான் நிலாவெளிக்கு வந்து வெயிலில் கிடக்கிறார்கள். எங்களுக்கு அதெல்லாம் இலவசம். இலவசமாகக் கிடைப்பதால் அருமை தெரிவதில்லை என்று சுற்றுலாத்துறைக்காரர் சொல்லக்கூடும்.

ஒவ்வொரு வருஷமும் கச்சானுக்கு எனக்கு உதடு வெடிக்கும். சில நாளில் ஆறிவிடும். இந்த வருஷம் வந்த வெடிப்பு வாடகைக்கு வந்தவர் மாதிரிப் போகிற எண்ணமே இல்லாமல் தங்கிவிட்டது. காலையில் கொட்டாவி விட்டால் கீழுதடு நடுவால் பிளக்கும். மத்தியானம் சம்பல் பட்டால் கண்ணால் தண்ணீர் வரும். பின்னேரம் யாராவது பகிடி விட்டால் ரத்தம். எங்கள் கோயில் தலைவர் விடும் பகிடிகளுக்குச் சிரிக்காமல் இருப்பதற்கு வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு ஒரு மருத்துவக் காரணம் கிடைத்தது. லாபம் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

ஒரு உதட்டுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் எங்கள் வீதி அம்மன் கோயிலின் நேர்முக வர்ணனையாளர். ஆடியில் தேர்த் திருவிழா. அன்று ஒலிபெருக்கியில் தேரை வர்ணிப்பது என் பொறுப்பு. ஊருக்கு வெளியே இருந்து இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் தேர் என்றால் இழுக்க ஆள் வேண்டும், வர்ணிக்கவும் ஆள் வேண்டும். ‘அகிலாண்ட கோடி பிரமாண்ட நாயகி, அலைகடல் தாலாட்டும் திருமலை மண்ணின் தவப்பயனாய், அள்ள அள்ளக் குறையாத கருணைக் கடலாய், கண்டவர் நெஞ்சமெல்லாம் கனிந்துருக...’ என்று நான் தொடங்கினால், வினைச்சொல் வந்து சேர்வதற்குள் குவித்து வைத்த தேங்காய் எல்லாம் உடைத்து முடிந்திருக்கும். அப்படி ஒரு மூச்சு எனக்கு. கல்விக் கந்தோரில் வேலை பார்த்த காலம் முழுக்கச் சுற்றறிக்கை எழுதிய பயிற்சி.

இந்த வருஷம் தலைவரின் கையில் ஒரு மாற்று ஆள் இருந்தார். பண்பலை வானொலி ஒன்றில் நிகழ்ச்சி செய்யும் இளைஞர். குரல் தேன். உதடு வழுவழுப்பு. பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றில் அவர், ‘ஓகே, இப்ப அம்மன் வந்துகொண்டிருக்கிறா, ஒரு சின்ன இடைவேளைக்குப் பிறகு சந்திப்பம்’ என்றாராம். இதைச் சொன்னவர் என் மனைவி. அவர் நேரில் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. செய்தி எனக்கு வேண்டிய மாதிரி இருந்ததால் உடனே நம்பினேன்.

இன்னொரு காரணம் பரமேஸ் அக்கா. கோயிலின் வடக்கு வீதியிலிருந்து பிரியும் தாங்கி ஒழுங்கை என்ற ஒடுக்கமான சந்தில் இருக்கிறார். முனையில் ஒரு பழைய தண்ணீர்த் தாங்கி நிற்பதால் அந்தப் பெயர். அக்கா துறைமுகத்தில் ரெலிபோன் ஒப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவருக்குக் கட்டிலும் யன்னலும்தான். ஒழுங்கை அகலம் காணாது, தேர் உள்ளே வராது. தேர் அன்று வீட்டிலுள்ள எல்லோரும் அர்ச்சனைத் தட்டோடு வீதிக்குப் போய்விடுவார்கள். அக்கா யன்னலோரம் தனியே கிடந்து, லைட் கம்பத்தில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிக் குழாயைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குத் தேர் அந்தக் குழாய்தான்.

“நீ சொன்னால்தான் தம்பி எனக்குத் தேர்,” என்று ஒருமுறை சொன்னார். அறுபதைத் தாண்டிய என்னைத் தம்பி என்று கூப்பிட இந்த ஊரில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். ஒரு வர்ணனையாளனுக்கு இதைவிட என்ன விருது வேண்டும்? அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு நான் பல வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறேன்.

மைக் கைமாறினால் பரமேஸ் அக்காவுக்குத் தேர் இல்லாமல் போய்விடும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் என் மைக்கைப் பற்றியதுதான். ஆனால் அதை அக்காவின் பெயரில் வைத்துக்கொள்ளும்போது கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

சரி, வைத்தியத்துக்கு வருவோம்.

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் மனைவி சாந்தியைத் தெரியும். தெரியாதவர்களுக்கு: ஓய்வு பெற்ற கணித ஆசிரியை. எதைச் சொன்னாலும் நிறுவிக் காட்டச் சொல்வார். வட்ஸ்அப்பில் வந்தால் மட்டும் நிறுவல் தேவையில்லை.

“இஞ்சருங்கோ, தொப்புளுக்குள்ள தேங்காய் எண்ணெய் விட்டுட்டுப் படுங்கோ. சொண்டு வெடிக்காதாம்.”

“தொப்புளுக்கும் சொண்டுக்கும் என்னப்பா தொடர்பு?”

“எல்லா நரம்பும் அங்கதான் தொடங்குதாம்.”

“ஆர் சொன்னது?”

“குறூப்பில வந்தது.”

விட்டேன். சாரம் பழுதாகியது. படுக்கை விரிப்பும் பழுதாகியது. உதடு அப்படியே இருந்தது. ஆனால் இன்றுவரை என் தொப்புளில் ஒரு வெடிப்பும் இல்லை என்பதை நேர்மையாக இங்கே பதிவு செய்கிறேன்.

அதுவரை இது வீட்டுக்குள் இருந்த விஷயம். கோயில் நிர்வாகசபைக் கூட்டத்தில்தான் அம்பலமானது. ‘அம்மன்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். இரண்டு உதடும் ஒட்டி, நின்று, பிரிகின்றன அல்லவா? எனக்கு ஒவ்வொரு பிரிவும் ஒரு கீறல். கண்ணன் கோயிலாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். நான் எழுந்து, “அம்மன்ர தேருக்கு...” என்று தொடங்கியதும் ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தது. கூட்டமே அதைப் பார்த்தது.

தலைவர் பிரதான வீதியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். எந்தப் பொருளையும் துரு பிடித்துவிட்டதா என்றுதான் முதலில் பார்ப்பார். என்னையும் அப்படித்தான் பார்த்தார்.

“சேர், வாய் இப்பிடி இருக்கேக்க தேரண்டைக்கு ஏலுமோ?”

“ஏலும்.”

“இல்ல, ஏலாட்டிச் சொல்லுங்கோ. அந்த ரேடியோத் தம்பியும் ஓமெண்டு சொல்லியிருக்கிறார்.”

அதாவது, ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. பதிலுக்கு என் வாயில் நல்ல வசனம் ஒன்று வந்தது. நீளமாக இருந்தது. வெடிப்பை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் தொடங்கியது வருகை.

எங்கள் ஊரில் ஒருவருக்கு வருத்தம் என்றால் போய்ப் பார்க்க வேண்டும். போகிறவர் ஒரு மருந்து சொல்ல வேண்டும். வருத்தக்காரர் அதைச் செய்து பார்க்க வேண்டும். செய்தாரா இல்லையா என்று பார்க்க, சொன்னவர் இன்னொருமுறை வர வேண்டும். டெங்குக் காய்ச்சலுக்கே டொக்டரை நம்பாமல் பப்பாசி இலையோடு வருகிறவர்கள், உதட்டை விடுவார்களா? மற்ற வருத்தங்களில் எங்கே நோகிறது என்று விசாரிக்க வேண்டியிருக்கும். இதில் அந்தச் சிரமமும் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்ட வந்து, மாட்டுக்குப் பல் பார்ப்பது போல என் வாயைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல், சாந்தியிடம் ‘கவனமாப் பாருங்கோ’ என்றார்கள். மாட்டுக்கும் அப்படித்தான் செய்வார்கள்.

தலைவரின் மனைவி வேப்பிலை அரைத்துக்கொண்டு வந்தார். கணவர் மைக்கைப் பிடுங்கப் பார்க்கிறார், மனைவி உதட்டைக் காப்பாற்றப் பார்க்கிறார்... அந்த வீட்டில் இரண்டு கட்சி போலும் என்று நினைத்துப் பூசிக்கொண்டேன். பிறகு சோறு கசந்தது. தேத்தண்ணி கசந்தது. முறிகண்டிப் பக்கத்திலிருந்து வந்த நல்ல கறுத்தக்கொழும்பு மாம்பழம், அதுவும் கசந்தது. எல்லாக் கறியும் ஒரே ருசியாகிவிட்டதால் சாந்திக்குச் சமையல் வேலை குறைந்தது. அவர் அந்த வைத்தியத்தை மிகவும் பாராட்டினார்.

அடுத்து நாசர். கிண்ணியாக்காரர், என்னோடு ஒரே கந்தோரில் பக்கத்துக் கதிரையில் இருந்தவர். இப்போது எருமைப் பட்டி வைத்திருக்கிறார். தயிர்ச் சட்டியோடு வழக்கமாக வருகிறவர் இந்தமுறை ஒரு போத்தலோடு வந்தார்.

“மச்சான், எங்கட பட்டி நெய். கடையில உள்ளது மாதிரி இல்ல. பூசிப் பாரு, வெடிப்பு எங்க போனதெண்டே தெரியாது.”

போத்தலைத் திறந்தாலே வீடு மணத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தடிப்பாகப் பூசிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்தேன். விழித்தபோது உதடு உயிரோடு நகர்வது போல இருந்தது. குசினியிலிருந்து புறப்பட்டு, சுவர் ஓரமாக வந்து, கதிரைக் காலில் ஏறி, என் தாடை வழியாக எறும்புகள் ஒழுங்காக வரிசையில் வந்துகொண்டிருந்தன. எங்கள் பஸ் நிலையத்தில் நான் அப்படி ஒரு வரிசையைக் கண்டதில்லை.

சாந்தி வந்து பார்த்தார். பதறவில்லை.

“எறும்பு இவ்வளவு வந்திருக்கெண்டால் நெய்யில கலப்படமில்லை. நிறுவியாச்சு,” என்று சொல்லிவிட்டு விளக்குமாறு எடுக்கப் போனார்.

பிறகு கனடா. அது இல்லாமல் எங்கள் ஆட்களுக்கு ஒரு வருத்தம் முடியுமா? சாந்தியின் தம்பி வீடியோ கோலில் வந்தார். “அத்தான், இஞ்ச விண்டர்க் குளிருக்கு மரமே வெடிக்கும். எங்கட சொண்டைப் பாருங்கோ, ஒரு கீறல் இல்ல,” என்று கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்து காட்டினார். தொலைபேசித் திரை முழுக்க மைத்துனரின் வாய். மனிதன் ஒருவன் இந்த வயதில் காண வேண்டிய காட்சிதானா அது? விடுமுறைக்கு வந்த யாரோ ஒருவரிடம் ஒரு பை நிறைய லிப் பாம் கொடுத்து அனுப்பினார். ஸ்ட்ரோபெரி, செரி, வனிலா. பூசினால் உதட்டில் ஐஸ்கிறீம் கடை திறந்த மாதிரி இருக்கும். நான் பூசினேன், நாக்கு நக்கியது. மறுபடி பூசினேன், மறுபடி நக்கியது. உதட்டுக்கு அனுப்பிய மருந்து முழுவதும் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. வயிறு வெடிக்காமல் இருந்ததற்கு அது காரணமாக இருக்கலாம்.

இந்த நேரத்தில் பரமேஸ் அக்காவைப் பார்க்கப் போனேன். முறைப்படி அவர்தான் என்னைப் பார்க்க வர வேண்டும், வர ஏலாது. யன்னலுக்கு வெளியே நின்றேன். என் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதுக்கு நான் ஒரு மருந்து சொல்லட்டோ?”

“சொல்லுங்கோ அக்கா. நீங்கள் ஒராள்தான் இன்னும் சொல்லேல்ல.”

“வாயை மூடிக்கொண்டு இரு. ஆறிடும்.”

சிரித்துவிட்டேன். ரத்தம் வந்தது. கைலேஞ்சியால் அமத்திக்கொண்டே, அக்காவின் பகிடி எப்போதும் இப்படித்தான் என்று நினைத்தேன்.

“தேருக்கு என்ன செய்யப்போறாய்?” என்று கேட்டார்.

“மாத்து ஆள் பாத்து வச்சிருக்கினம். நான் விடமாட்டன் அக்கா. உங்களுக்காகவாவது நான்தான் சொல்லுவன்.”

“ஆர் எண்டாலும் பறவாயில்ல தம்பி, ஒராள் சொல்லோணும். தேர் எங்க நிக்குதெண்டு எனக்குத் தெரியோணும்.”

‘ஆர் எண்டாலும் பறவாயில்ல’ என்ற பகுதியை என் காது அன்று எடுத்துக்கொள்ளவில்லை. வேண்டாததை விட்டுவிட்டு வேண்டியதை மட்டும் எடுக்கும் நல்ல காது எனக்கு.

கடைசியில் டொக்டரிடம் போனேன். கடைசியில்தானே போவோம்? கொழும்பிலிருந்து கிழமைக்கு ஒருநாள் வரும் தோல் வைத்தியர். என் மகளின் வயது இருக்கும். நம்பர் எடுத்து, பின்னேரம் முழுக்கக் காத்திருந்து உள்ளே போனால், தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். கண்ணாடியைக்கூட ஏற்றவில்லை. ஊரில் எல்லோரும் எவ்வளவு கிட்ட வந்து பார்த்தார்கள் என்று நினைத்து எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

“நாக்கால நக்குறனீங்களோ?”

“இல்லை,” என்றேன். சொல்லிவிட்டு நக்கினேன்.

அவர் சிரிக்கவில்லை. “இதுதான். நக்கேக்க கொஞ்சம் குளிர்மையா இருக்கும். அந்த ஈரம் காயேக்க இன்னும் வறண்டு போகும். வேற என்ன பூசினீங்கள்?”

சொன்னேன். தொப்புள் எண்ணெயை மட்டும் மறைத்தேன்.

“எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. மணமில்லாத பெற்றோலியம் ஜெலி மட்டும் பூசுங்கோ. தண்ணி நல்லாக் குடியுங்கோ. நாக்கை வாய்க்குள்ள வச்சிருங்கோ. கதைக்கிறதையும் குறையுங்கோ, சொண்டு விரிய விரிய பழைய வெடிப்புத் திறக்கும்.”

“டொக்டர், எனக்குத் தேர் இருக்கு.”

“என்ன தேர்?”

விளக்கினேன். அகிலாண்ட கோடி வரைக்கும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “அப்ப முக்கியமானதை மட்டும் சொல்லுங்கோவன்,” என்றார்.

நான் சொல்வதில் எது முக்கியமில்லாதது என்று கேட்க வேண்டும் போலிருந்தது. வெளியே நம்பர்க்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வீடு வந்து மௌனம் காத்தேன். பரமேஸ் அக்கா சொன்ன அதே மருந்துதான். ஆனால் டொக்டர் எழுதிய துண்டோடு வந்தால் அதற்கு மதிப்பு. வீட்டில் அதுவரை இல்லாத அமைதி. தேத்தண்ணி வேண்டும் என்று நான் சைகையால் கேட்டேன், போட்டுக் குடியுங்கோ என்று சாந்தி சைகையாலேயே சொன்னார். ஜெலி பூசினேன். நாக்கை உள்ளே வைத்திருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இந்த வரியைப் படிக்கும்போதே சிலர் நக்கியிருப்பீர்கள்.

உதடு ஆறத் தொடங்கியது. தொடங்கியதுதான், முடியவில்லை. அதற்குள் தேர் வந்துவிட்டது.

காலையில் வேட்டி சால்வையோடு மேடைக்குப் போனேன். மேடை என்பது கோயில் முன்றலில், கிழக்கு வீதியில், தகரக் கொட்டகைக்குக் கீழே இரண்டு கதிரை. எப்போதும் ஒரு கதிரைதான் இருக்கும். இரண்டாவதில் ரேடியோத் தம்பி இருந்தார். பட்டு வேட்டி, தண்ணீர்ப் போத்தல். “குட் மோர்னிங் அங்கிள். தலைவர் சும்மா பக்கத்தில இருக்கச் சொன்னவர்,” என்றார். நல்ல பிள்ளை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அம்மன் தேரில் ஏறினார். தேங்காய்கள் உடைந்தன. நான் மைக்கை எடுத்து, மூச்சை நிறைத்து, “அகிலாண்ட கோடி பிரமா...” என்றேன்.

பிளந்தது.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ஊருக்குக் கேட்டிருக்காது என்று நம்புகிறேன். நாக்கு தன்பாட்டில் வெளியே வந்து உப்பு ருசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. ரேடியோத் தம்பி மெதுவாகக் கையை நீட்டினார். நிர்வாகசபைக்காரர் எல்லோரும் தேரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். கொடுத்தால் அது திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். உண்மையாகவே பயந்துபோயிருந்தேன். தலைவர் என்னை நோக்கி வரத் தொடங்கியபோது, உதட்டை அதிகம் விரிக்காமல், வந்ததைச் சொன்னேன்.

“வடம் பிடித்தாயிற்று.”

நிறுத்தினேன். தலைவரும் நின்றார்.

“தேர் அசைகிறது.”

நாதஸ்வரம் கேட்டது. தவில் கேட்டது. இத்தனை வருஷமும் அவர்கள் அங்கேதான் நின்று வாசித்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

தேர் தெற்கு வீதிக்குத் திரும்பியதும் ஒரு சிக்கல். மேடையிலிருந்து கிழக்கு வீதி மட்டும்தான் தெரியும். மற்ற மூன்று வீதியும் தெரியாது. இதுவரை அதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. கருணைக் கடலைப் பற்றிச் சொல்வதற்குத் தேரைப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? ஆனால் இன்று கையில் கருணைக் கடல் இல்லை. அலைகடல் தாலாட்டும் இல்லை. சொல்வதற்குத் தேர் ஒன்றுதான் மிச்சம். அதைப் பார்த்தால்தான் சொல்லலாம்.

வயர் இல்லாத மைக். எடுத்துக்கொண்டு தேருக்குப் பின்னால் நடந்தேன்.

“தெற்கு வீதி. கரண்ட் வயரை உயர்த்திப் பிடிக்கிறார்கள். தேர் குனியாமல் போகிறது.”

இடைவெளி. அரோகரா.

“மேற்கு வீதி. காற்று பலமாக இருக்கிறது. குடை சரிந்து நிமிர்கிறது.”

இடைவெளி. பிள்ளைகள் யாரோ பலூனுக்கு அழுகிற சத்தம்கூட மைக்கில் போனது.

“வடக்கு வீதி. முன் சில்லு மணலில் புதைந்துவிட்டது. பலகை வைக்கிறார்கள்... இழுக்கிறார்கள்... ஏறிவிட்டது.”

தாங்கி ஒழுங்கை முனையில் தேர் நின்றது. ஒவ்வொரு வருஷமும் அங்கே நிற்கும், ஒழுங்கை ஆட்கள் அர்ச்சனைத் தட்டைக் கொடுப்பார்கள். அக்காவின் வீட்டு ஆட்களும் நின்றார்கள். ஒழுங்கையின் உள்ளே அவருடைய யன்னல் திறந்திருப்பது தெரிந்தது. ஆளைத் தெரியவில்லை. இந்த அரைகுறை வர்ணனையைக் கேட்டுவிட்டு மனம் நொந்து கிடப்பார் என்று நினைத்தேன். அவருக்காகவாவது ஒரு நல்ல வசனம் சொல்ல ஆசைப்பட்டேன். உதடு இடம் கொடுக்கவில்லை.

“தாங்கி ஒழுங்கை முனை. தேர் நிற்கிறது. தீபம் காட்டுகிறார்கள். அம்மனின் முகம் ஒழுங்கைப் பக்கம் இருக்கிறது.”

மணி அடித்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. தேர் மறுபடி அசைந்தபோது, “புறப்படுகிறது,” என்றேன்.

தேர் சுற்றி முடித்துத் தன் இருப்பிடத்துக்கு வந்து சேர்ந்ததும் மைக்கைத் தலைவரிடம் கொடுத்தேன். இனி அது எனக்கில்லை என்று மனதைத் தயார்படுத்தித்தான் கொடுத்தேன். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ‘பரவாயில்லை, சால்வையாவது போர்த்துவார்கள்’ என்று நினைத்தேன்.

தலைவர் என் கையைப் பிடித்தார். “சேர், இந்தமுறை திறம். மேளம் கேட்டுது, மந்திரம் கேட்டுது. ஆக்கள் எல்லாரும் சொல்லினம். அடுத்த வருஷமும் நீங்கள்தான்... ஆனால் இதே மாதிரி.”

ரேடியோத் தம்பி, “சூப்பர் அங்கிள். செம சிம்பிள்,” என்றார்.

பாருங்கள், இவ்வளவு காலம் நான் மூச்சைப் பிடித்துப் பொழிந்தபோது ஒருவர் கையைப் பிடித்திருப்பாரா? வாய் கிழிந்து, சொல்லத் தெரியாதவன் மாதிரி நாலு சொல் சொன்னதும் திறமாம். பாராட்டா, அவமானமா என்று தெரியாமல் பொங்கலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பின்னேரம் பிரசாதத்தோடு பரமேஸ் அக்காவிடம் போனேன். மன்னிப்புக் கேட்கிற எண்ணம். யன்னலடியில் நின்று, “அக்கா, இந்தமுறை சரியாச் சொல்ல ஏலாமப் போச்சு. குறை நினைக்காதேங்கோ,” என்றேன்.

அக்கா விபூதியை வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டார்.

“தம்பி, இந்தமுறைதான் நான் தேர் கும்பிட்டனான்.”

“வருஷா வருஷம் கும்பிடுறனீங்கள்தானே?”

“எங்க கும்பிட்டது? நீ கருணைக் கடல் எண்டு தொடங்குவாய். தேர் வந்திட்டுதாக்குமெண்டு நான் கையைக் கூப்புவன். உன்ர கடல் முடியாது. கை உளைஞ்சு போய் இறக்கிப்போட்டுக் கிடப்பன். பிறகு பிள்ளையள் வந்து சொல்லுவினம், தேர் எப்பவோ போயிட்டுதெண்டு.”

கிரிக்கெட் வர்ணனையில்கூடப் பந்து எங்கே போனதென்று இடைக்கிடை சொல்வார்கள். நான் ஒருநாளும் சொன்னதில்லை. ‘நீ சொன்னால்தான் எனக்குத் தேர்’ என்று அவர் சொன்னது விருதில்லை, கோரிக்கை.

“இதை ஒருக்காச் சொல்லியிருக்கலாமே அக்கா.”

“நீ எவ்வளவு ஆசையாச் சொல்லுறனீ. அதை ஏன் கெடுப்பான்?” என்றார். பிறகு, “இந்தமுறை நீ நிக்குதெண்டாய். அம்மன்ர முகம் இந்தப் பக்கமெண்டாய். நான் கையைக் கூப்பினன். அப்பவே மணியும் கேட்டுது. சரியா அந்த நேரம்,” என்றார். சொல்லும்போது அந்த இரண்டு கையும் மறுபடி மெல்லக் கூடின.

வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை.

அது நடந்து மூன்று கிழமையாகிறது. ஜெலியும் தண்ணீரும் வேலை செய்துவிட்டன. உதடு இப்போது குழந்தையின் உதடு மாதிரி. வேப்பிலை தந்தவர் அது வேப்பிலையால் என்கிறார், நாசர் நெய்யால் என்கிறார், கனடா செரியால் என்கிறது. சாந்தி என் தொப்புளைப் பார்த்துச் சிரிக்கிறார்.

நேற்றும் அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் அக்கறையோடு கேட்டார், “சொண்டு இப்ப எப்பிடித் தம்பி?”

“நல்லா ஆறிட்டுது அக்கா. ஒரு வெடிப்பும் இல்ல.”

அக்காவின் முகம் வாடியது. பிறகு தன்னைத் தேற்றிக்கொண்டார்.

“பறவாயில்ல... அடுத்த தேருக்கு முதல் கச்சான் திரும்பவும் வரும்தானே.”